கோதுமை மாவும் தானியமும் சேராத வீட்டு விசுக்கோத்து வகைகள்

இந்நாட்டில் தேநீரோடு விசுக்கோத்து உண்ணாத வீடுகள் மிகச் சிலவே. வயலுக்குச் செல்வோர் பொதியிற் கட்டிச் செல்வதும், பாடசாலைப் பிள்ளைகள் இடைவேளையில் உண்பதும், நோயாளரைப் பார்க்கப் போவோர் கையிற் கொண்டு போவதும் விசுக்கோத்தே. ஆயினும் அதற்கு முதற்பொருளாகிய கோதுமை நமது வயல்களில் விளைவதன்று. முழுவதும் கப்பலில் வருவது. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அக்காலப் பங்கீட்டு முறையினாற் கோதுமை மா நாட்டுப்புற வீடுகளிலும் நாளாந்த உணவாகப் புகுந்தது. அன்றுமுதல் இன்றுவரை அது நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, பிறநாட்டு மாவை நம்பியிருப்பதன் இடரை ஒவ்வொரு குடும்பமும் கண்டுகொண்டது.

விலை ஒருபுறமிருக்க, சிலருடைய உடலுக்குக் கோதுமையே நஞ்சுபோல் ஆகின்றது. அத்தகைய பிள்ளை ஒன்று வீட்டில் இருப்பின், மற்றப் பிள்ளைகள் விசுக்கோத்து உண்ணும்போது அது வெறுங்கையுடன் இருக்க நேரிடும். அல்லது இரக்கத்தாற் கொடுத்த ஒரு துண்டினால் நோயுறும். கடைகளில் விற்கப்படும் குளூட்டன் அற்ற விசுக்கோத்துகளோ விலை கூடியவை. நாட்டுப்புறக் கடைகளிற் கிடைப்பதும் அரிது. ஆனால் அப்பிள்ளைக்கு வேண்டிய மா யாவும் கமக்காரரின் வளவிலும் வயலிலும் விளைகின்றன. அவற்றைத் தெரிந்தெடுத்து, மாவாக்கி, வீட்டிலேயே விசுக்கோத்துச் சுடும் முறையை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கோதுமை மாவின் தனிக்குணம்

கோதுமை மாவை நீர் விட்டுப் பிசைந்தால் அது இழுபடும், உருட்டினால் உடையாது, ரொட்டியாகத் தட்டினால் விரியும். அரிசி மாவோ பயற்றம் மாவோ இவ்வாறு நடப்பதில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் ஒட்டும் புரதமாகும். நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது இப்புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு மாவைக் கட்டி வைத்திருக்கும். வாற்கோதுமையிலும் ‘றை’ என்னும் குளிர்நாட்டுத் தானியத்திலும் இதனை ஒத்த புரதங்கள் உள. நெல், குரக்கன், சோளம், தினை, சாமை ஆகியவற்றில் இது இல்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். முதலாவது, குளூட்டன் ஆகாதவருக்குச் சோறும் குரக்கன் கூழும் தடையின்றி ஆகும். இரண்டாவது, கோதுமை மாவை நீக்கி விசுக்கோத்துச் செய்வோர் அம்மா செய்துவந்த கட்டும் வேலையை வேறொரு பொருளைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். இதனை அறியாது மாவை மட்டும் மாற்றுவோர், விசுக்கோத்து உதிர்ந்துபோயிற்று என்று கைவிடுவர்.

கோதுமை எவருக்கு ஆகாது?

குளூட்டனால் உண்டாகும் நோய்களுள் முதன்மையானது சீலியாக் நோய். இந்நோயுடையவர் கோதுமை உண்ணும்போது உடலின் எதிர்ப்புச் சத்தி தன் சிறுகுடலையே தாக்கும். உணவின் சாரத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து போகும். எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் அது உடலிற் சேராது. நெடுநாள் வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், உடல் மெலிதல், பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுதல், இரும்புச் சத்து மருந்துக்கும் தீராத இரத்தச் சோகை, வாய்ப்புண், ஓயாத களைப்பு என்பன இதன் குறிகளாகும். பலருக்கு இவற்றுள் ஒன்றிரண்டே தோன்றும்.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக நிறுவியவர் ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரேல் டிக்கே என்பவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அந்நாட்டிற் பஞ்சம் உண்டாகிப் பாண் கிடைக்காது போயிற்று. அக்காலத்தில் இந்நோயுடைய பிள்ளைகள் தேறினர். பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நோயுற்றனர். பல ஆண்டுகளாக இதே கருத்தை ஆராய்ந்து வந்த டிக்கே 1950ஆம் ஆண்டில் தமது ஆய்வேட்டை வெளியிட்டார். இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் அறவே நீக்குதலே மருந்தாகும். நீக்கினாற் குடல் ஆறிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளை மெலிந்திருக்கக் கண்டவுடன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. வயிற்றுப் பூச்சியாலும் வேறு நோய்களாலும் இதே குறிகள் தோன்றக்கூடும். மேலும், சீலியாக் நோயை அறியும் இரத்தப் பரிசோதனை, கோதுமை உண்டுவரும் காலத்திலேயே சரியான முடிவைத் தரும். முன்னரே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லையெனத் தோன்றும். ஆதலால் முதலில் வைத்தியரிடம் காட்டுக. பின்னர் அவர் சொற்படி உணவை மாற்றுக.

தானியத்தையும் நீக்குவது ஏன்?

நமது வழக்கில் பயறும் உழுந்தும் எள்ளும் நவதானியத்துட் சேர்த்து எண்ணப்படும். இப்பிரசுரத்தில் தானியம் என்பது புல்லினப் பயிர்களின் மணிகளாகிய நெல், கோதுமை, சோளம், குரக்கன், தினை முதலியவற்றை மட்டுமே குறிக்கும். பயறும் நிலக்கடலையும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

குளூட்டன் ஆகாதவர் அரிசி மாவில் விசுக்கோத்துச் செய்து உண்பதில் யாதொரு தீங்கும் இல்லை. எனினும் மூன்று வேளையும் சோறு, பிட்டு, இடியப்பம் என்று தானியமே உண்ணும் நாம், தேநீர் வேளையிலாவது வேறு உணவைச் சேர்ப்பது நன்று. வெள்ளைக் கோதுமை மா 100 கிராமிற் புரதம் ஏறக்குறைய 10 கிராமும், நார்ப்பொருள் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளன. அதே நிறையுடைய முழுப்பயற்றிற் புரதம் 24 கிராமளவும் நார்ப்பொருள் 16 கிராமளவும் உள. நிலக்கடலையிற் புரதம் 25 கிராமளவில் உண்டு. இவற்றாற் செய்த விசுக்கோத்து இரண்டு உண்டாலே பசி அடங்கும்.

மா வகைகளும் அவற்றைப் பக்குவப்படுத்தும் முறையும்

1. பயற்றம் மா. பெரும்போக நெல் அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையில், வயலில் எஞ்சி நிற்கும் ஈரத்தைக் கொண்டே பயற்றை விளைவிக்கலாம். ஏறக்குறைய 2 மாதத்தில் முற்றும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை நிலத்திற் சேர்ப்பதால் அடுத்த நெற்பயிருக்கும் நன்மையுண்டு. மாவுக்கு எடுக்கும் பயறு, பல்லிற் கடித்தால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருத்தல் வேண்டும். கல்லும் வண்டு துளைத்த மணிகளும் நீக்கி, மெல்லிய நெருப்பிற் பொன்னிறமாக வறுத்து, திரிகையில் உடைத்து, சுளகிற் புடைத்துக் கோது போக்கி, மாவாக அரைத்து அரித்துக்கொள்க. கோது நீக்கும்போது நார்ப்பொருளில் ஒரு பங்கு குறையும். கோதுடன் அரைத்தால் நார்ப்பொருள் குறையாது. ஆனால் மா சற்றுக் கரகரப்பாக இருக்கும். பயற்றம் உருண்டைக்கு மா ஆக்கப் பழகியவருக்கு இது புதிய வேலையன்று.

2. மரவள்ளி மா. தானியமல்லாத மா வகைகளுள் விசுக்கோத்தைக் கட்டி நிறுத்துவதில் இதுவே சிறந்தது. ஆனால் மரவள்ளிக் கிழங்கில் நஞ்சாகக்கூடிய சயனைட்டுப் பொருள் உண்டு. தோலில் அது மிகுதி. ஆதலாற் கைப்புள்ள கிழங்கையும், கிண்டி நாட்பட்டு உள்ளே நீலம் பாய்ந்த கிழங்கையும் மாவுக்கு எடுத்தல் கூடாது. கிண்டிய அன்றே தோலை ஆழமாகச் சீவி, கழுவி, திருவி, சில மணி நேரம் மூடி வைத்து, துணியிற் கட்டி நீரைப் பிழிந்து ஊற்றிவிட்டு, பாயில் மெல்லியதாகப் பரப்பிக் கடும் வெயிலில் உலர்த்துக. திருவுவதனால் நஞ்சு பிரிந்து காற்றிலும் நீரிலும் போய்விடும். தடித்த துண்டுகளாக வெட்டிக் காயவைத்தால் அவ்வளவு நீங்காது. பிழிந்த நீரைக் கோழியோ ஆடோ குடிக்க விடலாகாது.

3. புழுக்கொடியல் மா. பனங்கிழங்கை அவித்துக் கிழித்துக் காயவைத்தது புழுக்கொடியல்; அவியாமற் காயவைத்தது ஒடியல். கூழுக்கும் பிட்டுக்கும் ஆகும் ஒடியல் மாவிற் கைப்புண்டு. அதனை நீரில் ஊறவைத்து, நீரை வடித்த பின்னரே சமைக்கும் வழக்கம் வந்தது. விசுக்கோத்துக்கு அது ஏற்றதன்று. புழுக்கொடியல் முன்னரே அவிக்கப்பட்டமையால் அதன் மா மணமும் சுவையும் உடையது, நார்ப்பொருள் மிக்கது. இடித்தபின் நாரும் தும்பும் நீங்க இருமுறை அரித்தல் வேண்டும்.

4. தேங்காய்ப்பூ. துருவிய தேங்காய்ப்பூவைத் தாச்சியில் இட்டு, நிறம் மாறாமல் ஈரம் மட்டும் போகும்வரை வறுத்துக்கொள்க. பால் பிழிந்த சக்கையையும் இவ்வாறே உலர்த்தி இடித்து மாவாக்கலாம். அதிற் கொழுப்புக் குறைவு, நார்ப்பொருள் மிகுதி. பெரும்பாலான வீடுகளில் எறியப்படும் பொருளொன்று இவ்வாறு உணவாகும்.

5. நிலக்கடலையும் எள்ளும். கச்சான் என நாம் வழங்கும் நிலக்கடலை ஈரலிப்புடன் கிடந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணம் உண்டாக்கும் அபிளாத்தொட்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. நாட்பட ஈரற் புற்றுநோய்க்கும் காரணமாவது. வறுத்தாலும் முற்றாக நீங்காது. ஆதலாற் கிண்டியவுடன் கோதுடன் நன்றாகக் காயவைத்து, உடைக்கும்போது சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த பருப்புகளை எறிந்துவிடுக. அவற்றைக் கால்நடைக்கும் கொடுத்தலாகாது. கோது நீக்காத எள்ளிற் கல்சியம் மிகுதி; பால் குடியாத பிள்ளைகளுக்கு அது பெரிதும் உதவும்.

கட்டுப் பொருள்

குளூட்டன் செய்யும் வேலையை ஒரு கோழிமுட்டை செய்யும். முட்டை உண்ணாதோர் ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவை நான்கு மேசைக்கரண்டி நீரிற் கரைத்து, மெல்லிய நெருப்பிற் கிளறிப் பசையாக்கி, ஆறியபின் முட்டைக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பனங்கட்டிப் பாகும் ஓரளவு கட்டும். பிசைந்த மாவை அரை மணி நேரம் மூடி வைத்தால் மா ஈரத்தை உறிஞ்சி உதிராமல் நிற்கும். சுட்ட விசுக்கோத்தைச் சூட்டுடன் எடுத்தலாகாது. தட்டிலேயே ஆறவிட்டால் இறுகும். இவ்விரண்டையும் கடைப்பிடித்தாற் பெரும்பாலான குறைகள் நீங்கும்.

போறணை இல்லாத வீட்டிற் சுடும் முறை

அடி தடித்த அகன்ற பாத்திரம் ஒன்றில் ஓரங்குல உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் வளையமொன்றை வைத்து, மூடியிட்டு 15 நிமிடம் சூடாக்குக. விசுக்கோத்து அடுக்கிய தட்டை வளையத்தின்மேல் வைத்து மூடி, மூடியின்மேற் சிரட்டைக் கரித் தணலைப் பரப்புக. கீழ் நெருப்புத் தணிந்தும் மேல் நெருப்புச் சற்று மிகுந்தும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே சுடுவதற்கு முன்னர் ஒன்றை மட்டும் சுட்டுப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்க. இதனால் மாவும் நெய்யும் வீண்போகா. மின்சாரப் போறணை உடையோர் கீழே குறித்த வெப்பநிலையைக் கொள்க.

செய்முறைகள்

தேங்காய் விசுக்கோத்து. வறுத்த தேங்காய்ப்பூ 100 கிராம், மரவள்ளி மா 75 கிராம், தூளாக்கிய பனங்கட்டி 60 கிராம், தேங்காயெண்ணெய் அல்லது வெண்ணெய் 30 கிராம், முட்டை 1, உப்பு ஒரு சிட்டிகை, ஏலம் 3 ஆகியவற்றை எடுத்துக்கொள்க. முட்டையையும் பனங்கட்டியையும் நன்றாக அடித்து, எண்ணெய் சேர்த்து, மற்றவற்றை இட்டுப் பிசைக. உதிருமாயின் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் தெளிக்க. 24 உருண்டைகளாக்கி, தட்டையாக அமர்த்தி, 160 பாகை செல்சியசில் 15 முதல் 18 நிமிடம்வரை, ஓரம் பொன்னிறமாகும் வரையிற் சுடுக.

பயற்றம் நெய் விசுக்கோத்து. வாயிலிட்டாற் கரையும் நெய் விசுக்கோத்துக்கு ஈடானது இது. பயற்றம் மா 200 கிராம், நெய் 100 கிராம், அரைத்த சீனி 70 கிராம், ஏலத்தூள், உப்பு ஒரு சிட்டிகை ஆகியன வேண்டும். நெய்யையும் சீனியையும் வெண்மையாகும் வரையிற் குழைத்து, மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அழுத்திப் பிடிக்க. நீர் சேர்க்கலாகாது. 24 உருண்டைகளாக்கிச் சற்றே அமர்த்தி, 150 பாகையில் 18 முதல் 20 நிமிடம்வரை சுடுக. சூட்டில் மிக மெதுவாக இருக்கும். முற்றாக ஆறும்வரை தொடாதிருக்க.

இஞ்சி விசுக்கோத்து. புழுக்கொடியல் மா 100 கிராம், பயற்றம் மா 100 கிராம், பனங்கட்டி 80 கிராம், வெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் 60 கிராம், முட்டை 1, வேர்க்கொம்புத் தூள் 2 தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, தேசிப்புளி ஒரு தேக்கரண்டி ஆகியன வேண்டும். பனங்கட்டியை இரண்டு மேசைக்கரண்டி நீரிற் கரைத்து வடித்து, ஆறியபின் எண்ணெயும் முட்டையும் சேர்த்து அடித்துக்கொள்க. மா வகைகளையும் வேர்க்கொம்பையும் அப்பச்சோடாவையும் கலந்து அதிலிட்டு, தேசிப்புளி விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் வைக்க. 30 மெல்லிய வட்டங்களாகத் தட்டி, 160 பாகையில் 15 நிமிடமளவிற் சுடுக. மரவள்ளியோடு இஞ்சியைச் சேர்த்து உண்ணலாகாது என்பது இந்நாட்டு முன்னோர் வழக்கு. அவ்வழக்கை மதித்தே இதில் மரவள்ளி மா சேர்க்கப்படவில்லை. இவ்விசுக்கோத்துக்கு மட்டும் முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி கூவைக்கிழங்கு மாவைப் பசையாக்கிச் சேர்க்க.

கச்சான் எள்ளு விசுக்கோத்து. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 200 கிராமை எண்ணெய் கக்கும்வரை இடித்து அல்லது அரைத்து, வறுத்த எள்ளு 50 கிராம், சர்க்கரை 80 கிராம், முட்டை 1, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றுடன் பிசைக. வேறு மாவோ நெய்யோ வேண்டியதில்லை. 24 உருண்டைகளாக்கி அமர்த்தி, 160 பாகையில் 12 முதல் 14 நிமிடம்வரை சுடுக. எள்ளு கருகினாற் கைக்கும். ஆதலால் இறுதியில் அருகிலிருந்து கவனிக்க. நிலக்கடலையோ எள்ளோ சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குமாதலால், அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் பெற்றோரிடம் கேட்டறிக.

இனிப்பைப் பற்றி

கோதுமையை நீக்கியதனால் மட்டும் விசுக்கோத்து நலந்தரும் உணவாகிவிடாது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியோ சர்க்கரையோ சேர்த்தால் நீரிழிவு நோயாளர் வேண்டியவாறு உண்ணலாம் என்னும் எண்ணமும் தவறு. பனங்கட்டியிற் சில தாதுப்பொருள்கள் உண்டெனினும், இரத்தத்திற் சேரும் இனிப்பைப் பொறுத்தவரை அதுவும் சீனியின் இனமே.

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவிற் சேர்க்கும் இனிப்பு, நாளொன்றுக்கு வேண்டிய சத்தியிற் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்காயின் இன்னும் நன்று. வளர்ந்த ஒருவருக்கு இது ஏறக்குறைய 50 கிராமும் 25 கிராமும் ஆகும். மேற்கூறிய விசுக்கோத்து ஒன்றில் 2½ முதல் 3½ கிராம்வரை இனிப்பு இருக்கும். நான்கு உண்பவர் 10 முதல் 14 கிராம்வரை உண்கின்றார். அதனோடு இரண்டு தேக்கரண்டி சீனியிட்ட தேநீரும் குடித்தால், 25 கிராமில் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு வேளையிலே முடிந்துவிடும். தேநீரை வெறுமையாகக் குடித்து, விசுக்கோத்து இரண்டை உண்பதே அளவாகும்.

தேங்காய், நெய், நிலக்கடலை ஆகியவற்றின் கொழுப்பையும் மறத்தலாகாது. ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரி சத்தி தரும்; ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். மெலிந்த பிள்ளைக்கும் வயலில் உழைப்பவருக்கும் இது நன்மை. இருந்த இடத்திலே வேலை செய்வோர் எண்ணி உண்பதே தகும். நீரிழிவுடையோர் வைத்தியரின் சொற்படி நடக்க.

கலப்பு நேராமற் காத்தல்

சீலியாக் நோயுடையவருக்குச் சமைக்கும் வீட்டில் எல்லாவற்றிலும் முக்கியமானது இப்பகுதியாகும். இந்நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு கோதுமைத் தூளும் போதும். மாவை நன்றாகத் தெரிந்தெடுத்தும், அரிதட்டினாற் கெட்டுப்போகும் வீடுகள் பல உண்டு. பிட்டுக்காகக் கோதுமை மாவை அவித்து அரிக்கும் அதே அரிதட்டிற் பயற்றம் மாவை அரித்தால், எவ்வளவு கழுவினாலும் கண்ணறைகளில் மா தங்கியே இருக்கும். ஆதலால் இவ்விசுக்கோத்துகளுக்கெனத் தனி அரிதட்டு, தனிச் சுளகு, தனி மரக்கரண்டி ஆகியவற்றை வைத்து, அடையாளமிட்டு, வேறிடத்திற் கொழுவி வைக்க.

மா அரைக்கும் ஆலையிற் கோதுமையும் அரைக்கப்படுமாயின், நமது பயற்றில் அது கலக்கும். வீட்டுத் திரிகையில் அரைத்தல் நன்று. இயலாவிடிற் கோதுமை அரைக்காத ஆலையைத் தேடுக. அதுவும் இல்லையேல் உரலில் இடித்துக்கொள்க. கோதுமை மா பிசையும் நாளில் இவ்விசுக்கோத்தைச் செய்யாதிருக்க. காற்றில் எழும் மா பலகையிலும் பாத்திரத்திலும் படியும்.

பெயர் வேறாயிருப்பினும் கோதுமையே ஆகிய பொருள்களையும் அறிந்திருத்தல் வேண்டும். ரவை, சேமியா, ஆட்டா மா ஆகியவை கோதுமையே. கடையில் வாங்கும் பெருங்காயத் தூளிற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். மோல்ற்றுப் பானங்கள் வாற்கோதுமையில் இருந்து ஆவன. சவ்வரிசி மரவள்ளி மாவிற் செய்யப்படுவதால் ஆகும். ஆயினும் பொதியிலுள்ள எழுத்தை வாசித்தே வாங்குக.

பாதுகாத்தலும் விற்றலும்

முற்றாக ஆறியபின் காற்றுப் புகாத தகரப் பேணியிலோ போத்தலிலோ அடைத்தால், இவ்விசுக்கோத்துகள் ஏறக்குறைய 1 வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். சூட்டுடன் அடைத்தால் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் தோன்றும். தேங்காயும் கடலையும் சேர்ந்தவை நாட்படக் காறும். ஆதலாற் சிறிது சிறிதாகச் செய்க. மாவைப் போத்தலில் அடைத்து, ஆக்கிய திகதியை எழுதி ஒட்டுக. மூன்று கிழமைக்கு ஒருமுறை வெயிலிற் காட்டுக.

கிராம மகளிர் சங்கங்கள் இவற்றைச் செய்து விற்கவும் கூடும். பயறு மலிந்த காலத்தில் அதனை மூட்டையாகக் கொடுப்பதிலும் விசுக்கோத்தாக்கி விற்பதால் வருவாய் மிகும். ஆனால் பொதியில் “குளூட்டன் அற்றது” என்று எழுதுவது பாரதூரமான பொறுப்பாகும். சர்வதேச உணவு நியமத்தின்படி, அவ்வாறு எழுதப்படும் உணவின் ஒரு கிலோகிராமிற் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆய்வுகூடத்திற் சோதியாமல் இதனை அறிய முடியாது. சோதித்தறியாதோர் “பயற்றம் மா விசுக்கோத்து”, “தேங்காய் விசுக்கோத்து” என்று பெயரும், சேர்த்த பொருள்கள் யாவையென்றும் எழுதி விற்பதே நேர்மையாகும். அப்பெயரை நம்பி வாங்கி உண்பது ஒரு நோயாளப் பிள்ளையாக இருக்கக்கூடும் என்பதை எப்போதும் நினைவில் வைக்க.

ஆண்டு முழுவதும் மா கிடைக்க

பெரும்போக அறுவடை முடிந்தவுடன், வயலிற் கொஞ்சமேனும் பயறு விதைக்க. மரக்கறித் தோட்டத்தின் எல்லையில் மரவள்ளித் தடிகளை நாட்டுக. அவை ஒரே நாளில் நாட்டப்படாது, மாதத்துக்குச் சில என்று நாட்டப்பட்டாற் கிழங்கு தொடர்ந்து கிடைக்கும். ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதைகளை எறியாது பாத்தியிலிட்டால், தையளவிற் கிழங்கு கிண்டலாம். அதற்கடுத்து வரும் மாசி, பங்குனி வெயில் புழுக்கொடியலையும் மரவள்ளியையும் உலர்த்த மிக ஏற்றது. நிலக்கடலையும் எள்ளும் அவரவர் பகுதியின் போகத்துக்கு ஏற்ப விதைக்கப்படலாம். பயற்றினதும் நிலக்கடலையினதும் திருந்திய இனங்களையும் வித்துகளையும் பற்றி, தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்க.

முதல்முறை நான்கையும் செய்ய முயலவேண்டாம். பயற்றம் மா பெரும்பாலான வீடுகளில் உள்ளதாகையால், பயற்றம் நெய் விசுக்கோத்தை முதலிற் செய்து பழகுக. கை பழகியபின் மற்றவை எளிதாகும். கோதுமை ஆகாத பிள்ளையுள்ள வீட்டில் அப்பிள்ளைக்கு மட்டும் தனியாகச் செய்து கொடாமல், வீட்டார் யாவரும் அதனையே உண்பது நன்று. பிள்ளைக்குத் தான் வேறுபட்டவன் என்னும் குறை தோன்றாது. பேணிகள் மாறிப் பிழை நேர்வதற்கும் இடமிராது.